நூறு சதவீதம் மூலிகை

பெரியவள் ஒரு கதையை எடுத்துவிட்டால் சீப்பு நிற்கும், கை நிற்கும், வாய் மட்டும் நிற்காது. அவளுடைய பார்லருக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் தலைக்காக வந்தார்கள் என்றால் மீதிப் பேர் அந்த வாய்க்காகத்தான் வந்தார்கள். சாயம் பூசிவிட்டு முக்கால் மணி நேரம் தேமே என்று உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அந்த முக்கால் மணி நேரத்தை அவள் பார்த்துக்கொள்வாள். எந்த வீட்டு மாமியார் எந்த வீட்டு மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார், எந்த மேனேஜர் எந்த டைப்பிஸ்ட்டிடம் வழிகிறார், எல்லாம் குரல் மாற்றி, முகம் மாற்றி வரும். ஊரில் ஒருத்தர் தப்பியது கிடையாது. கூடப்பிறந்த தங்கச்சியும் தப்பவில்லை.

தங்கச்சியின் கல்யாணம் நிச்சயமாகி, இரண்டு மாதத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தது. மாப்பிள்ளையின் அம்மா ஒரு போன் போட்டு, "எங்களுக்கு என்னமோ மனசு ஒப்பல" என்று சொல்லி வைத்துவிட்டாள். காரணம் கிடையாது, மன்னிப்பு கிடையாது. பெரியவள் முதல் நாள் அழுதாள், இரண்டாம் நாள் அந்தக் குடும்பத்தையே சபித்தாள், மூன்றாம் நாள் அதைக் கதையாக்கிவிட்டாள். அந்த அம்மா மூக்கால் இழுத்து இழுத்துப் பேசியதை அப்படியே பேசிக் காட்டுவாள். நாற்காலியில் இருப்பவர்கள் சாயம் கண்ணில் வழிவதுகூடத் தெரியாமல் சிரிப்பார்கள். பக்கத்தில் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும் சின்னவளும் சிரிப்பாள். அதைப் பார்த்துப் பெரியவளுக்கு நிம்மதி. சிரிக்கிறாள் பார், பிள்ளை தேறிவிட்டாள், எல்லாம் நம் வைத்தியம் என்று தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டாள்.

அன்றைக்கு நாற்காலியில் இருந்தது வக்கீலம்மா. ஆறு வருஷத்து வாடிக்கை. தலை முழுக்கக் கறுப்புக் குழம்பும், கழுத்தைச் சுற்றி பிளாஸ்டிக் துணியுமாக உட்கார்ந்திருந்தாள். கதை பத்தாவது தடவையோ பதினோராவது தடவையோ ஓடிக்கொண்டிருந்தது. பெரியவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கு என்னமோ மனசு ஒப்பலேஏ" என்று இழுத்தாள். வக்கீலம்மா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சின்னவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுக் கிண்ணத்தோடு திரைக்குப் பின்னால் போனாள்.

கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தாள். கிண்ணம் காலியாக இருந்தது. உதடு கறுப்பாக இருந்தது.

"அக்கா, நான் இதைக் குடிச்சிட்டேன்" என்றாள், குழாயில் தண்ணி வரல என்று சொல்கிற மாதிரி.

வக்கீலம்மா அதையும் வேடிக்கை என்றுதான் நினைத்தாள். "அடிப்பாவி, என் தலைக்கு வெச்சிருந்ததையா குடிச்ச" என்று இன்னொரு பாட்டம் சிரித்தாள். பெரியவள் சிரிக்கவில்லை. காலிக் கிண்ணத்தைப் பிடுங்கி அடியைப் பார்த்தாள்.

விஷயம் என்னவென்றால், கடை வாசலில் ஒரு போர்டு தொங்கியது. 'நூறு சதவீதம் மூலிகைச் சாயம். ரசாயனம் இருப்பதாக நிரூபித்தால் கடை உங்களுக்கே சொந்தம்.' அந்த வாசகத்தைச் சட்டப்படி பார்த்துத் திருத்திக் கொடுத்ததே வக்கீலம்மாதான். யாராவது என்ன மூலிகை என்று கேட்டால் பெரியவள் குரலைத் தாழ்த்தி, "மூணு இலை, ரெண்டு வேர், ஒரு பூ. எங்க அத்தை சாகும்போது காதுல சொல்லிட்டுப் போனது" என்பாள். அந்த அத்தை சாகும்வரை பஞ்சுமிட்டாய் மாதிரி வெள்ளைத் தலையோடு இருந்தவள். அவளுக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் தலைவலித் தைலம்.

உண்மை என்னவென்றால், பெரியவள் வாரத்துக்கு ஒரு நாள் வீட்டுச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, மொத்தக் கடையில் வாங்கிய ரசாயனச் சாயப்பொடியை இலைப்பொடியோடு கலந்து ஜாடியில் அடைப்பாள். இலைப்பொடி வாசனைக்கும் மனசாட்சிக்கும். வேலை செய்வது முழுக்க மற்றதுதான். அந்தப் பொட்டலத்தின் மேல் மண்டையோட்டுப் படம் போட்டிருக்கும். கீழே பொடி எழுத்தில் விழுங்கினால் உயிருக்கு ஆபத்து என்று நான்கு மொழியில் இருக்கும். தங்கச்சிக்குக்கூட அவள் இதைச் சொன்னதில்லை. கடையில் ஜாடியைத் திறந்து குழைப்பது மட்டும்தான் சின்னவளின் வேலை.

இப்போது அந்தக் குழம்பு அவள் வயிற்றில் இருந்தது.

பெரியவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உப்பைக் கரைத்து வாயில் ஊற்றினாள், விரலை விட்டு வாந்தி எடுக்க வைத்தாள். கறுப்பாகக் கொஞ்சம் வந்தது. வக்கீலம்மாதான் சமாளித்துக்கொண்டு, "ஏம்மா, வீட்டு வைத்தியமெல்லாம் வேண்டாம், காரை எடுக்கறேன், ஏத்து" என்றாள். கழுத்துத் துணியைக் கழற்றக்கூட மறந்து, தலையில் குழம்போடு, அவளே ஓட்டினாள். சிக்னலில் பக்கத்து பஸ்ஸே எட்டிப் பார்த்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் முதலில் வந்தது பெரிய சிஸ்டர். ஐம்பத்தைந்து வயசிருக்கும். தலை முழுக்க நரை, அதை மறைக்கிற உத்தேசமே இல்லாத நரை. எந்த வீடு எரிந்தாலும் பெரியவளுடைய கண் முதலில் தலைமுடியைத்தான் பார்க்கும், அது தொழில் தோஷம்.

"என்ன சாப்ட்டா?"

"ஹேர் டை குடிச்சிட்டா, சிஸ்டர்."

"யாரு வாந்தி எடுக்க வெச்சது? உடுப்பெல்லாம் உப்பு பூத்திருக்கு."

"நான்தான். உள்ள இருக்கறது வெளிய வரட்டும்னு."

"போகும்போது ஒரு தடவை சுட்டது போதாதா, வரும்போதும் சுடணுமா? நுரையீரலுக்குள்ள போயிருந்தா என்ன பண்ணுவ? இனிமே யாரு எதைக் குடிச்சாலும் கையை வெச்சுக்கிட்டுச் சும்மா இரு, நேரா இங்க தூக்கிட்டு வா." சிஸ்டர் பேசிக்கொண்டே ஊசி குத்தி, குழாய் மாட்டி, விரலில் கிளிப் போட்டு முடித்திருந்தாள். "என்ன டை? எவ்வளவு? எப்ப?"

டியூட்டி டாக்டரும் வந்து நின்றாள். சின்னப் பெண், கொட்டாவியை வாய்க்குள்ளேயே மென்று விழுங்கிக்கொண்டிருந்தாள். கையில் பேனா தயாராக இருந்தது.

பெரியவள் கடைசி இரண்டு கேள்விக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாள். முதல் கேள்விக்கு வாய் தானாகத் திறந்தது.

"மூலிகை, டாக்டர். நூறு சதவீதம் மூலிகை."

ஆறு வருஷமாக ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்லிப் பழகிய வாய் அது. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. சரி, மெதுவாகத் திருத்திக்கொள்ளலாம் என்று நினைப்பதற்குள் வக்கீலம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"டாக்டர், நான் வக்கீல். இதுக்கு நான் சாட்சி. ஆறு வருஷமா இந்தச் சாயம்தான் போடறேன். ஒரு அரிப்பு உண்டா, ஒரு தடிப்பு உண்டா? இதோ இப்பவும் தலையிலதான் இருக்கு" என்று குனிந்து காட்டினாள். ஒரு சொட்டு ஆஸ்பத்திரித் தரையில் விழுந்தது. டாக்டர் ஒரு அடி பின்னால் நகர்ந்து, அந்தத் தலையை மரியாதையோடு பார்த்தாள்.

"அப்ப சரி. தொண்டை எரியும், வயித்த வலிக்கும். சாயங்காலம் வரைக்கும் இங்க படுக்கட்டும், பார்ப்போம்." பேனா எழுதியது. பிறகு டாக்டர் கட்டிலின் மேல் குனிந்து, குரலைத் தணித்துக்கொண்டு, "எதுக்கும்மா குடிச்ச?" என்று கேட்டாள்.

சின்னவள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள்.

பெரியவள் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு மனதுக்குள் சால்ஜாப்பு தேட ஆரம்பித்தாள். பாதி வாந்தியில் போயிருக்கும். இந்தத் தடவை கலக்கும்போது பொடி கொஞ்சம் குறைவாகத்தான் போட்டோம். பிள்ளை திடமான உடம்பு. பிறகு சிறை ஞாபகம் வந்தது. போர்டு ஞாபகம் வந்தது. இரண்டடி தள்ளி, கழுத்தில் பிளாஸ்டிக் துணியோடு, தன் போனில் யாருக்கோ "பயப்பட ஒண்ணுமில்ல, மூலிகைதான்" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டிருக்கும் வக்கீலம்மாவைப் பார்த்தாள். இவள் முன்னால் எப்படி வாயைத் திறப்பது? இவள் போய்விடட்டும், உடனே டாக்டரிடம் சொல்லிவிடலாம். வக்கீலம்மா போகிற வழியாக இல்லை. நல்ல மனசுக்காரி, இப்படிப்பட்ட நேரத்தில் தனியாக விட்டுப்போகிற ஆள் கிடையாது. பெரியவள் அந்த நல்ல மனசை மனதார வைதாள்.

சிஸ்டர் திரும்பி வந்தாள். டார்ச் அடித்து வாயைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"இவ முகம் எப்பவும் இப்படித்தானா?"

"அழுதிருக்கா, சிஸ்டர். அதான் உப்பியிருக்கு."

"அழுதா கண்ணு வீங்கும். நாக்கு வீங்காது."

பெரியவள் எட்டிப் பார்த்தாள். உதடு தடித்திருந்தது. தாடைக்குக் கீழே கழுத்து நிறைந்திருந்தது. சின்னவள் எச்சிலை விழுங்கச் சிரமப்பட்டாள்.

"சிஸ்டர், ஒரு நிமிஷம்." பெரியவள் அவளை மருந்து அலமாரிப் பக்கம் ஓரம் கட்டினாள். "ஒரு பேச்சுக்குக் கேக்கறேன். இந்த மாதிரி மூலிகையில ஒருவேளை, யாராவது, கொஞ்சமே கொஞ்சம் கெமிக்கல் கலந்திருந்தா என்ன ஆகும்?"

"கலந்திருக்கா?"

"பொதுவா கேக்கறேன்."

"இந்த ரூமுக்குள்ள ஒரு பேச்சுக்குன்னு எதுவும் கிடையாது. பொதுவான்னும் கிடையாது. அங்க படுத்திருக்கறது பொதுவான பொண்ணு இல்ல, உன் தங்கச்சி. இருக்கா, இல்லையா?"

பெரியவள் வாயைத் திறந்தாள். வக்கீலம்மா போனை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். வாய் மூடிக்கொண்டது. உலகத்தில் உள்ள எல்லோரைப் பற்றியும் மூச்சுவிடாமல் பேசுகிற அந்த வாய்க்கு நான்கு வார்த்தை வரவில்லை. அவமானமாக இருந்தது, பயமாக இருந்தது, அந்தப் பயத்தைப் பார்த்து இன்னும் அவமானமாக இருந்தது. அப்போது கட்டிலில் இருந்து ஒரு சத்தம் கேட்டது. மூச்சை உள்ளே இழுக்கும்போது வருகிற கீச்சுச் சத்தம். இந்தப் பிள்ளைக்கு ஒன்பது வயசில் அம்மாவும் அப்பாவும் போனபோது, பள்ளிக்கூடம் போகத் தலைவாரிவிட்டதுதான் பெரியவள் முதல் முதலாகச் செய்த தலை. அதற்கப்புறம்தான் மற்ற தலையெல்லாம். இவள் போய்விட்டால் கடையை வைத்துக்கொண்டு இனிமேல் யார் தலையில் மிளகாய் அரைப்பது?

"அது மூலிகை இல்ல" என்றாள். மெதுவாகச் சொல்லத்தான் நினைத்தாள், குரல் வார்டு முழுக்கக் கேட்டது. "மொத்தக் கடையில வாங்கற கறுப்புச் சாயப்பொடி. மண்டையோடு போட்ட பொட்டலம். எல்லாம் நான் கலந்தது. அவளுக்குத் தெரியாது, யாருக்கும் தெரியாது. அவளைக் காப்பாத்துங்க."

டாக்டரின் தூக்கம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஒரே நேரத்தில் இரண்டு போனில் பேசினாள். மயக்க டாக்டரை வரச்சொன்னாள், தொண்டை டாக்டரை வரச்சொன்னாள், ஐ.சி.யூ.வில் கட்டில் கேட்டாள். "இன்னும் கொஞ்ச நேரத்துல தொண்டை அடைச்சிரும். அடைக்கறதுக்கு முன்னாடி வழி பண்ணணும். அந்தப் பொட்டலம் வேணும், அதுல என்ன எழுதியிருக்குன்னு நான் பார்க்கணும். எங்க இருக்கு?"

"வீட்டுல. அலமாரி மேல பழைய டப்பாவுல." பெரியவளால் கட்டிலை விட்டு நகர முடியவில்லை.

வக்கீலம்மா பக்கத்தில் வந்து நின்றாள். "ஆறு வருஷம்" என்றாள். கையை உயர்த்தித் தலையைத் தொடப் போனாள், தொடாமல் கீழே இறக்கினாள். அந்தக் கையையே நீட்டினாள். "சாவியைக் குடு."

"நீங்க முதல்ல தலையைக் கழுவுங்க" என்றாள் சிஸ்டர். "நேரம் தாண்டி ஊறிக்கிட்டிருக்கு. ஒரு பேஷன்ட் போதும் எனக்கு."

வார்டு ஓரத்தில் கை கழுவுகிற தொட்டியில், ஆஸ்பத்திரி சோப்பைப் போட்டு, கௌரவமான ஒரு வக்கீல் தலை குனிந்து கழுவினாள். தொட்டி முழுக்கக் கறுப்பு. தரை துடைக்கிற அம்மா வந்து, "இப்பதான் தேய்ச்சேன், இப்பதான் தேய்ச்சேன்" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வக்கீலம்மா நனைந்த தலையோடு சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். இருபது நிமிஷத்தில் திரும்பி வந்து பொட்டலத்தை மேஜைமேல் வைத்தாள். பெரியவளைப் பார்த்து, "உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்" என்று மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள்.

அதற்குள் சின்னவளைத் தள்ளிக்கொண்டு போயிருந்தார்கள். கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைக்கவேண்டும் என்றார்கள். வாய் வழியாகக் குழாய் விட இடமே இல்லை, நாக்கு வாயை நிரப்பிவிட்டது. பெரியவள் கையெழுத்துப் போட்டாள்.

"பொழைப்பாளா, சிஸ்டர்?"

"தொண்டையைப் பிடிச்சாச்சு. அடுத்தது கிட்னி. இந்தச் சாயம் சதையை உடைக்கும், உடைஞ்சது போய் கிட்னியை அடைக்கும். இதுக்குன்னு மாத்து மருந்து கிடையாது. தண்ணி ஏத்தி ஏத்திக் கழுவணும், பார்த்துக்கிட்டே இருக்கணும்."

"முன்னாடியே சொல்லியிருக்கணும் நான்."

"ஆமா. முக்கால் மணி நேரம் முன்னாடி சொல்லியிருக்கணும்." சிஸ்டர் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். "சொல்லாமலே இருக்கறவங்களையும் பார்த்திருக்கேன். போ, அங்க உக்காரு."

அடுத்த ஒன்பது நாளும் பெரியவளின் வாழ்க்கை ஒரு பிளாஸ்டிக் பையைப் பார்ப்பதிலேயே கழிந்தது. கட்டிலுக்குக் கீழே தொங்கும் சிறுநீர்ப் பை. முதல் நாள் அது பால் விடாத காபி நிறத்தில் இருந்தது. தொழில்காரிக்கு நிறம் பார்க்கச் சொல்லித்தர வேண்டுமா? "இன்னிக்கு டார்க் பிரவுன், சிஸ்டர். நேத்தைக்கு ஒரு ஷேட் கம்மி" என்பாள். "ஷேட் கார்டா வெச்சிருக்க நீ" என்று சிஸ்டர் விரட்டுவாள், ஆனால் தானும் குனிந்து பார்ப்பாள். மூன்று தடவை டயாலிசிஸ் செய்தார்கள். முகம் பூசணிக்காய் மாதிரி உப்பி, பிறகு நாளுக்கு நாள் வடிந்தது. ஆறாம் நாள் பை லைட் பிரவுன். எட்டாம் நாள் டீத்தண்ணி. ஒன்பதாம் நாள் காலையில் நல்ல மஞ்சளாக இறங்கியதைப் பார்த்துப் பெரியவள் வராந்தாவில் யாரென்றே தெரியாத ஒரு ஆளைப் பிடித்து, "மஞ்சளாப் போறா" என்று சொன்னாள். அந்த மனுஷன் நல்லது என்றான்.

கடை பூட்டிக் கிடந்தது. வக்கீலம்மாவின் தலை ஒரு பக்கம் கறுப்பும் ஒரு பக்கம் செம்பழுப்புமாக நின்றுவிட்டது. அதோடேயே கோர்ட்டுக்கும் போய்விட்டு, மூன்றாம் நாள் வந்து பெஞ்சில் பெரியவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "போர்டு வாசகம் நான் திருத்தினது, நானே இறக்கிட்டேன். இப்ப போனை எடு" என்றாள். வாடிக்கைக்காரர்கள் ஒவ்வொருத்தருக்கும் போன் போட வைத்தாள். உங்க தலையில போட்டது மூலிகை இல்ல, கெமிக்கல், மன்னிச்சிருங்க என்று பெரியவள் நாற்பத்திரண்டு தடவை சொன்னாள். சிலர் கிழித்துத் தொங்கவிட்டார்கள். ஒருத்தி மட்டும், "அதெல்லாம் எனக்கு எப்பவோ தெரியும், எப்பத் திறக்கற?" என்று கேட்டாள்.

மனுஷ சுபாவம் என்ன செய்வது, உயிருக்குப் பயமில்லை என்று தெரிந்ததும் பெரியவளின் வாய் மெல்ல மெல்லப் பழைய நிலைக்கு வந்தது. வராந்தா பெஞ்சில் மற்ற நோயாளிகளின் சொந்தக்காரர்கள் என்ன கேஸ் என்று கேட்பார்கள். முதலில் தயங்கித் தயங்கிச் சொன்னாள். பத்தாம் நாளுக்குள் அது கதையாகிவிட்டது. "அவ சாகவா குடிச்சா? என்னை மிரட்டக் குடிச்சா. மூணு இலை, ரெண்டு வேர், ஒரு பூ, மிஞ்சிப்போனா வயித்தால போகும்னு நெனச்சுக் குடிச்சா. எங்கிட்ட நாடகம் போட வந்து, என் நாடகத்துல மாட்டிக்கிட்டா." வக்கீலம்மா சிக்னலில் கார் ஓட்டியது, தொட்டியில் தலை கழுவியது எல்லாம் குரலோடு வந்தது. பெஞ்சு சிரித்தது. பெரியவளும் சிரித்தாள். உள்ளுக்குள் அவள் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தது அந்த ஒரு வரியைத்தான். நாடகம். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. பிள்ளை சாக நினைக்கவில்லை.

பதினோராம் நாள் மனநல டாக்டர் வந்தார். நரைத்த மீசை, சட்டைப் பையில் மூடியில்லாத பேனா, பையில் ஒரு மைப் பொட்டு. சின்னவளுக்குக் கழுத்துக் குழாய் இன்னும் எடுக்கவில்லை, பேச்சு வராது. எழுதி அழிக்கிற பலகை ஒன்றை அவள் மடியில் வைத்தார்.

"டாக்டர், அவளைச் சிரமப்படுத்த வேண்டாம், நான் சொல்லிடறேன்" என்று பெரியவள் ஆரம்பித்தாள். "அது விஷம்னு அவளுக்குத் தெரியவே தெரியாது. மூலிகைன்னு நெனச்சு..."

டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். சின்னவளைப் பார்த்து, "அக்கா இருக்கட்டுமா, வெளிய போகட்டுமா? நீங்க சொல்றதுதான்" என்றார்.

சின்னவள் அக்காவைப் பார்த்தாள். இருக்கட்டும் என்று கை காட்டினாள். பிறகு எழுதினாள்.

'நாடகம் இல்ல.'

பெரியவள் படித்தாள். "சரி, கோவம். கோவத்துல..."

சின்னவள் அழித்துவிட்டு எழுதினாள். 'அது என்னன்னு எனக்குத் தெரியும். மூணு வருஷம் முன்னாடியே பொட்டலத்தைப் பார்த்தேன். படிச்சேன்.'

வார்டில் யாரோ இருமினார்கள். பெரியவளுக்கு அந்த எழுத்தைத் தவிர வேறெதுவும் கண்ணில் படவில்லை. மூன்று வருஷமாக இவள் பக்கத்தில் நின்று, மூலிகை என்று தான் சொன்னபோதெல்லாம் தலையாட்டிக்கொண்டு கிண்ணத்தைப் பிடித்திருக்கிறாள்.

டாக்டர் அவசரப்படவில்லை. எவ்வளவு நாளாகத் தூக்கம் இல்லை, எப்போதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை, சாகவேண்டும் என்று முதலில் எப்போது தோன்றியது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார், சளி பிடித்து எத்தனை நாள் என்று கேட்கிற அதே குரலில். சின்னவள் எழுதி எழுதி அழித்தாள். கல்யாணம் நிற்பதற்கு முன்னாலேயே தொடங்கியிருந்தது. ஒரு வருஷத்துக்கு மேல். ஒரே வீட்டில், அடுத்த பாயில் படுத்திருந்த பெரியவளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்ததெல்லாம் சிரித்தாள் என்பதுதான். அந்தச் சிரிப்பை நினைத்தபோது அவளுக்கு வெட்கத்தில் காது சுட்டது.

"இதுக்கு மருந்து இருக்கு, பேசறதுக்கு ஆள் இருக்கு. சரியாகும்" என்றார் டாக்டர். "எதுக்கு அந்தச் சாயத்தை எடுத்தீங்க? சொல்ல முடிஞ்சா சொல்லுங்க."

சின்னவள் பலகையைத் துடைத்தாள். இந்தத் தடவை மெதுவாக எழுதினாள். எழுதிவிட்டு டாக்டரிடம் காட்டாமல் அக்காவிடம் திருப்பினாள்.

'அது என்னன்னு நீ டாக்டர்கிட்ட சொல்ல மாட்டேன்னு நெனச்சேன்.'

பெரியவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. புரிந்ததும் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். கடையா தங்கச்சியா என்று வந்தால் அக்கா கடைப் பக்கம்தான் நிற்பாள் என்று இந்தப் பிள்ளை அவ்வளவு நிச்சயமாக நம்பியிருக்கிறாள். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, நூறு சதவீதம் மூலிகை என்று தன் தலைமாட்டில் அக்கா சொன்னதைக் கேட்டிருக்கிறாள். முக்கால் மணி நேரம் அதை அக்கா நிரூபித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

"சொன்னேனே, பாப்பா" என்றாள். சின்னப்பிள்ளையில் கூப்பிட்ட பேர், வருஷங்கள் கழித்து வாயில் வந்தது. "லேட்டாத்தான் சொன்னேன். தப்புதான். ஆனா சொல்லிட்டேனே."

சின்னவள் தலையசைத்தாள். 'கேட்டுச்சு' என்று எழுதினாள். அதற்குக் கீழே கொஞ்சம் இடம் இருந்தது. பேனா அங்கேயே நின்றது. பிறகு எழுதியது.

'அதுவரைக்கும் பயமே வரல. நீ சொன்னதுக்கு அப்புறம்தான் பயமா இருந்துச்சு.'

"என்ன பயம்?" என்று டாக்டர் கேட்டார்.

'செத்துருவேனோன்னு.'

பெரியவள் பலகையை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.